பிடுங்கி என்று நாம் பெயர் வைத்தவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், விடிந்து எழுந்தால் எங்களுக்கு அந்த நினைப்புதான். இங்கே அம்மா நடமாடுகிறாள், நானும் நடமாடுகிறேன், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் ஆகாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போன் வந்ததும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்துவிடுகிறாள், நான் இருமினால்கூட உனக்கு முன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தொடையில் பழைய காலண்டர் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பேத்திக்கு முன்பல் விழுந்த படம் வந்தது, அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவையும் போடாமல் ஒரு தடவையும் பார்த்தாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகத் தெரிகிறது, என் சட்டைக் காலர் அழுக்குதான் முதலில் தெரிந்தது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிறது, குழாய்க்காரர் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று மூன்று வாரமாக எங்களை முட்டாளாக்குகிறார். நீ காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறாயாமே, மாப்பிள்ளை சொன்னார். ஒரு முட்டையாவது சாப்பிட்டுவிட்டுப் போ. சாப்பாட்டு விஷயத்தில் உனக்கு நான் புத்தி சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அண்ணனைப் பற்றித்தான் எழுத வந்தேன். போனில் அம்மா உன்னிடம் கொஞ்சம் இளைத்திருக்கிறான், சளி பிடித்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். நீ தூரத்தில் இருந்துகொண்டு தவிக்கக்கூடாது என்று அப்படிச் சொல்கிறாள். உண்மை என்னவென்றால் அவன் இந்த ஆஸ்பத்திரியில் பதினொரு நாளாக இருக்கிறான். ஏழு மாதத்துக்கு முன்னால், மனவளர்ச்சி குன்றினவர்களுக்கான அந்த அரசாங்க இல்லத்தை விட்டுப் புதுவீட்டுக்கு வந்த அன்று அவன் எடை ஐம்பத்தொன்று. நேற்று முப்பத்தேழு. நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, முப்பத்தேழு கிலோ. எடைபோட்ட நர்ஸ் மிஷின் ரிப்பேர் என்று நினைத்து, தானே ஏறி நின்று சரிபார்த்தாள்.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இல்லத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் குதித்ததும், அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம், அதற்காகப் பிள்ளைகளைத் தெருவில் விடுகிறார்கள் என்று கத்தியதும், நீ வாரம் தவறாமல் என்னிடம் மன்றாடியதும் உனக்கு மறந்திருக்காது. நாலு பேர் ஒரு வீட்டில், நம் வீட்டைப் போல ஒரு வீட்டில் இருப்பார்கள் அப்பா, அவனுக்கென்று ஒரு கட்டில், ஒரு அலமாரி, கதவைத் திறந்தால் தெரு, யோசித்துப் பாருங்கள் என்றாய். யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னது தப்பில்லை அம்மா. இதை இங்கேயே அழுத்தி எழுதிவிடுகிறேன், பாக்கியைப் படிக்கும்போது இது உன் மனதில் நிற்க வேண்டும். அந்த இல்லம் மூடப்பட வேண்டியதுதான். நாற்பது கட்டில், இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் இடம், எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே மிஷினில் மொட்டை, சலவையிலிருந்து வரும் சட்டையில் எது யாருக்குச் சேருமோ அது அவனுக்கு. முப்பத்துநாலு வருஷம் அவன் தன் சட்டை என்று ஒன்றைப் போட்டதில்லை. புதுவீட்டில் முதல் நாள் அலமாரியைத் திறந்து அவனுடைய ஆறு சட்டையை நான் காட்டினபோது, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான் கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன். தெரு நல்ல தெரு. எதிரே ஒரு தையல்கடை, பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை. தையல்காரர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது அவரே வந்து இவனுக்கு இடுப்புக் குறைத்துத் தைத்துக் கொடுக்கிறார். குறைத்துக் குறைத்து மூன்று தடவை ஆயிற்று.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண், உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், நல்ல பொண்ணு, ராட்சசி மாதிரி உழைக்கிறாள். தட்டில் நாலு விதமாக வைத்து, எது வேணும்னாலும் நீங்களே எடுத்துக்கோங்க அண்ணா, உங்க இஷ்டம் என்று இவனிடம் சொல்வாள். இஷ்டம் என்ற வார்த்தையை இவனிடம் யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை. இவன் தட்டைப் பார்ப்பான், கையில் ஒரு துண்டை எடுப்பான், வைத்துக்கொண்டே இருப்பான். அவள் ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டான். வற்புறுத்தினால் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே இருக்கும். மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தார்கள், கரண்டியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்வான், டம்ளரில் தானே எடுத்துக் குடிக்கிற கொஞ்சம் பாலும் கஞ்சித்தண்ணீரும்தான் ஆகாரம். புது இடம், பழகிவிடும் என்றோம். ஒரு மாதம் சொன்னோம், இரண்டு மாதம் சொன்னோம். அப்புறம் அம்மா களத்தில் இறங்கினாள். தினமும் காலையில் எழுந்து சமைத்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் அவன் முன்னால் உட்காருவாள். இவன் தொடமாட்டான். திரும்பி வந்து டப்பாவைக் கழுவும்போது, உப்புக் கம்மியாப் போச்சோ என்று என்னைக் கேட்பாள். மறுநாள் வேறே பண்ணுவாள். பெத்தவளுக்கே பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு தெரியலையே, ஒன்பது வயசுல கொண்டுபோய் விட்டேனே, என் கைச்சோறு அவனுக்கு மறந்துபோச்சு, அதுதான் வேண்டாங்கறான் என்று நேற்றுக்கூடச் சொன்னாள். நான் பேப்பர் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலில் ஒரு குற்றமும் இல்லை என்று உலகத்திலேயே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

இனிமேல் எழுதப்போவதை நிதானமாகப் படி. இல்லத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு நாம் போவது உனக்கு நினைவிருக்கும், பத்தாவது படிக்கும்வரை நீயும் வந்தாய். வார்டுக்குள் நம்மை விடமாட்டார்கள், பார்வையாளர் கூடம் மட்டும்தான். நீள மேஜை, ஒரு மணி நேரம், மணி அடித்தால் வெளியே. வார்டில் வேலை செய்கிறவர்கள் கூடத்துக்கு வரக்கூடாது, ஆபீஸ் ஆட்கள்தான் நின்றிருப்பார்கள். அங்கே தூண் பக்கத்தில் ஒருத்தன் நிற்பானே, முன்பல் இரண்டு இல்லாமல், இடது புருவத்தில் தழும்போடு? அவனைப் பார்க்க ஒருநாளும் ஒருத்தரும் வந்ததில்லை. அம்மா டப்பாவைத் திறந்து அண்ணன் கையில் எதையாவது வைப்பாள், அடுத்த நிமிஷம் அவன் வந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் குனிந்துகொள்வான். பிடுங்கி என்று பெயர் வைத்தோம். வைத்தது நானா நீயா என்று மறந்துபோயிற்று, நான்தான் என்று வைத்துக்கொள்வோம். நான் எழுந்து கத்துவேன், ஆபீஸ் ஆள் வந்து அவனை இழுத்துக்கொண்டு போவார். ஒருதடவை அவன் விடவில்லை, மடக்கின குடையால் அவன் கைமேல் ஓங்கி ஒன்று போட்டேன். ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. அவன் அழவில்லை, கையைத் தடவிக்கொண்டு கீழே கிடந்த ரொட்டியையே பார்த்தான். திருட்டுப்பயலுக்கு இப்பவும் கண்ணு அதுமேலேயே இருக்கு பாரு என்று நான் உன்னிடம் சொன்னேன்.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று டிப்போவில் எனக்குப் பேர். அந்தப் பெருமையில்தான் வந்தது வினை. போன வருஷம் இல்லத்திலிருந்து ஒன்பது பக்கப் படிவம் அனுப்பினார்கள். மகனுக்குப் பிடித்த உணவு, பிடித்த விளையாட்டு, எதற்குப் பயப்படுவான், எப்படித் தூங்குவான், கோபம் வந்தால் என்ன செய்வான். அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன், அவள் சிவப்புப் பந்து பிடிக்கும், இடி என்றால் பயம் என்று ஒன்பது வயசுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், நானும் அப்படியே எழுதினேன். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாதம் ஒரு மணி நேரத்தில் வேறு என்ன தெரியும். ஏழாம் பக்கத்தில், இவரோடு தங்க வைக்கக் கூடாத நபர் யாரேனும் உண்டா என்று ஒரு கேள்வி. அப்பாடா, இதுக்குப் பதில் எனக்குத் தெரியும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள், அவளைக் கேட்கவில்லை. டிப்போவில் அறிக்கை எழுதுவதுபோல, முன்பல் இரண்டு இல்லாத, இடது புருவத்தில் தழும்புள்ள, தூண் அருகில் நிற்கும் நபர், என் மகனின் உணவைத் தொடர்ந்து பறிப்பவர், எக்காரணம் கொண்டும் இவருடன் சேர்க்கக் கூடாது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். இவனை ஒரு திருடனிடமிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

நாலு வாரத்துக்கு முன்னால் மத்தியானம் நான் மட்டும் அந்த வீட்டில் இருந்தேன், அம்மா முன்னாடியே கிளம்பிவிட்டாள். இல்லத்து வார்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த அக்கா ஒருத்தி, இல்லம் மூடினதில் வேலை போனவள், பழைய ஆட்களை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். இவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஐயோ தெய்வமே, என்ன இப்படி ஆயிட்டாரு, மேஸ்திரி எங்கே, மேஸ்திரி இல்லாம இவரு எப்படிச் சாப்பிடுவாரு என்றாள். எந்த மேஸ்திரி என்று கேட்டேன். முன்பல் இல்லாத மேஸ்திரி, புருவத்துல தழும்பு இருக்குமே, பக்கத்துக் கட்டில்காரரு, கூடத்துல நீங்க பார்த்ததே இல்லையா என்றாள். அவள் சொன்னது இது. அண்ணனுக்குப் பதினாலு வயதில் வேகவைத்த உருளைக்கிழங்கு தொண்டையில் சிக்கி முகம் நீலம் பாரித்துவிட்டது, வேலைக்காரர்கள் ஓடி வருவதற்குள் பக்கத்துக் கட்டில்காரன் இவனைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அறைந்து வெளியே கொண்டுவந்துவிட்டான். அன்றிலிருந்து இவன் கைக்கு எது வந்தாலும் அவன் வாங்கிவிடுவான். நகக்கண் அளவு பிய்ப்பான், ஒவ்வொன்றாக வாயில் வைப்பான், மோவாய்க்குக் கீழே விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான், தொண்டை அசையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்ததை வைப்பான். மூன்று வேளையும், இருபத்தொன்பது வருஷம். வேறு யார் கையிலும் இவன் வாயைத் திறக்கமாட்டான், வேலைக்காரர்களும் நமக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் எதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான் என்று கேட்டேன். அங்க கையில சாப்பாட்டோட நேரா நின்னா நாலு பேரு பறிச்சுக்குவாங்க, எல்லாரும் சுவரைப் பார்த்துத்தான் நிப்பாங்க என்றாள். நாம் போன பிறகு டப்பாவில் மிச்சம் இருந்ததை வார்டுக்கு அனுப்புவார்கள், அதையும் அவன்தான் பிய்த்து ஊட்டுவானாம். அடுத்த மாதம் டப்பா காலியாகத் திரும்பி வரும்போதெல்லாம் அம்மா எவ்வளவு பூரித்துப்போவாள், ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அந்த அக்கா, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுலதான் போடுவாங்கன்னு நாங்க நினைச்சோம் சார், யாரோ வீட்டுக்காரங்க கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம், எந்தப் பாவியோ என்றாள். நான் ஆமாம் என்றேன்.

மறுநாளே ஆபீசுக்குப் போனேன். மறுவாழ்வு அலுவலர் நல்ல மனுஷன், கத்தவில்லை, கோப்பை எடுத்து என் கையெழுத்தை எனக்கே காட்டினார். இரண்டு கோடும் அப்படியே இருந்தது. வாபஸ் வாங்குகிறேன் என்றேன். உங்க ஆட்சேபத்தை வெச்சுத்தான் நாலு வீட்டு ஒதுக்கீடும் மாறிச்சு, இந்த வீட்டுல கட்டில் இல்லை, அவர் போன வீட்டுல இவருக்கு இடம் இல்லை, யாரையாவது கிளப்பித்தான் மாத்தணும், அதுக்குக் கமிட்டி கூடணும், போன வாரம்தான் கூடினாங்க, இனி மூணு மாசம் ஆகும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அவருக்கு அங்க நல்லாப் போயிட்டிருக்கு சார், அவர் தனக்கு வேண்டியதைத் தானே சாப்பிடக் கத்துக்கிட்டிருக்கார், மறுபடியும் இன்னொருத்தருக்கு ஊட்டுற வேலைக்காக அவரைக் கொண்டுவரச் சொல்றீங்களா என்று கேட்டார். என் பிள்ளைக்காக அந்த மனுஷனைக் கேட்க எனக்கு வாய் இருக்கிறதா? ஆனாலும் கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அழைத்துவந்து காட்டுங்கள் என்று அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க, பார்க்கிறேன் என்றார்.

பென்ஷன் ஆபீசுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் நானே அவனைப் பார்த்தேன். அங்கேயும் நல்ல வீடுதான், வாசலில் செடியெல்லாம் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு உடம்பு தேறியிருக்கிறது, தலைமுடி வளர்த்திருக்கிறான், நரைத்துவிட்டது. சாப்பாட்டு வேளையில் அவனை மட்டும் தனி மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அங்கே பார்த்துக்கொள்கிறவர் பெருமையாகச் சொன்னார், வந்த புதுசுல தட்டுல இருக்கறதை எல்லாம் பிய்ச்சுப் பிய்ச்சுப் பக்கத்துல இருக்கிறவங்க வாய்ல திணிப்பார் சார், அவங்க அடிப்பாங்க, காலி நாற்காலிக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிப்பார், இப்ப பழக்கம் கொறைஞ்சிருச்சு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று. சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள், செய்யாத நாளைக்கு ஒரு நட்சத்திரம். நான் ஒரு பன் வாங்கி அம்மாவின் டப்பாவில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், முகத்தை அடையாளம் தெரிந்ததா தெரியாது, டப்பா தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் பார்த்தான். கேட் வரைக்கும் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை என்றதும் டப்பாவைத் திறந்து பன்னை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்துகொண்டான். அதே முதுகு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, நகக்கண் அளவு ஒரு துண்டை என் வாய்க்கு நேரே நீட்டினான்.

நான் வாயைத் திறந்தேன். மோவாய்க்கு அடியில் இரண்டு தட்டுத் தட்டினான், என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான், விழுங்கின பிறகு அடுத்ததை வைத்தான். எழுபத்துநாலு வயதுக் கிழவன், முழுப் பன்னையும் அவன் கையால் சாப்பிட்டு முடித்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டு, அடடா, உங்களுக்கும் ஊட்டுறாரே, இன்னிக்கு நட்சத்திரம் போச்சு மேஸ்திரி என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தேனா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை.

அவனைப் போலச் செய்து பார்த்தேன். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, முதுகைக் காட்டித் திரும்பி, அதே அளவில் பிய்த்து, அண்ணன் வாயருகே கொண்டுபோனேன், மோவாயைத் தட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், வாயை இறுக மூடிக்கொண்டான். பத்து நாள் முயற்சி செய்தேன். பதினோராம் நாள் பொறுப்பாளர் பெண் எப்படியோ இரண்டு கரண்டி சூப்பை உள்ளே அனுப்பிவிட்டாள், பாவம், கைதட்டிச் சந்தோஷப்பட்டாள், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தோம். இப்போது காய்ச்சல் அடங்கியிருக்கிறது. ஆனால் இனிமே காத்திருக்க முடியாது, வயித்துல துளை போட்டுக் குழாய் வெச்சுடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். குழாய் வைத்த பிறகு வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதாம், எப்போதுமே கூடாதாம், இன்னொரு தடவை நுரையீரலுக்குப் போனால் தாங்கமாட்டான் என்கிறார். இதைத் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டேன். முப்பத்தேழு கிலோவை வெச்சுக்கிட்டு எதைத் தள்ளிப்போடுறது பெரியவரே என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன், அலுவலரிடமிருந்து போன். நீங்க கேட்டது கிடைச்சிருச்சு சார், அடுத்த மாசம் இருபதாம் தேதி மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டு வர்றோம், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம், சந்தோஷமா என்றார். சந்தோஷம் சார் என்றேன். அவர் மெனக்கெட்டிருக்கிறார், பாவம். இருபதாம் தேதிக்குள் குழாய் வைத்து நாலு வாரம் ஆகியிருக்கும். அண்ணன் அவனைப் பார்த்ததும் வாயைத் திறப்பான். ஏழு மாதமாக யாருக்கும் திறக்காத வாயை அவனுக்குத் திறப்பான். அவன் எதையாவது எடுத்துத் திரும்பிக்கொண்டு பிய்ப்பான், நீட்டுவான். கூடாது என்று அவன் கையைப் பிடிக்க வேண்டும். பொறுப்பாளர் பெண் பிடிக்கமாட்டாள், அவளுக்கு மனசு வராது. நான்தான் பிடிக்க வேண்டும். மறுபடியும் நான்தான்.

வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொல்ல மனம் வரவில்லை, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவாவது செய்யட்டும், இருபத்தொன்பது வருஷம் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள். ஆனால் அவன் வாசலில் வந்து நின்றதும் அம்மா அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள், இப்போது அவளுக்குக் கண் வேறு நன்றாகத் தெரிகிறது. இந்தத் திருட்டுப்பயல் இங்கே எதுக்கு வந்தான் என்று கத்துவாள், நான் சொல்லிக் கொடுத்த வார்த்தையைத்தான் அவள் கத்துவாள். அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நாலைந்து தடவை வாயெடுத்தேன், ஒருதடவை கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன், என்ன முட்டிவலியா என்று கேட்டாள், ஆமாம் என்று விட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை அம்மா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது நீ அவளிடம் சொல்லிவிடு. முதலில் அவள் சமையல்மேல் தப்பில்லை என்று சொல், அதை இரண்டு தடவை சொல். அப்புறம் மற்றதைச் சொல். நான் அந்த நேரத்தில் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன், ஸ்பீக்கரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள் வந்ததும் எனக்கே தெரிந்துவிடும்.

உன்மேல் எந்தப் பாரமும் இல்லை, நீ ஒரு வீட்டைக் கேட்டாய், அது நல்ல வீடு, அதில் யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்று எழுதினவன் நான். இதை நினைத்து வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, பேத்திக்கு விழுந்த பல் முளைக்கும்வரை கடினமானதைக் கடிக்கக் கொடுக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் அம்மா. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடவே பயப்படுகிற
உன் அப்பா